முழு வசனத்தையும் சொல்லுவோம்

(பங்காளர் கூடுகையில் அளித்த செய்தி)



"ஐயா, சுகமாகிவிடும் என்று ஒரு வாக்குத்தத்தம் சொல்லுங்கள்." வார்டில் தாய்மார் எங்கள் கையைப் பிடித்துக் கேட்பார்கள். ஒருமுறை மனம் இளகிச் சொல்லியும் விட்டோம். மூன்றாம் நாள் பிள்ளை போய்விட்டது. "என் விசுவாசந்தான் போதவில்லையா, ஐயா?" என்று அந்தத் தாய் கேட்டபோது தலை குனிந்தோம்.

வேதத்தில் பிடித்ததை மட்டும் எடுத்துக் கொடுக்க நமக்கு அதிகாரமில்லை. வியாதியஸ்தருக்காக ஜெபிக்கச் சொல்லும் யாக்கோபு 5-ஆம் அதிகாரமும் வேதந்தான். துரோப்பீமுவை நோயாளியாகவே பவுல் மிலேத்துவில் விட்டுவந்ததைச் சொல்லும் 2 தீமோத்தேயு 4:20-ம் வேதந்தான்.

கிருஷ்ணன்கோவிலிலிருந்து சிவகாசி தூரமில்லை. இந்தச் சுற்றுவட்டக் கிராமங்களில் கூடாரமிட்டுச் சுவிசேஷம் சொன்ன ராக்லாந்து ஐயர், நுரையீரல் நோயால் 1858 அக்டோபர் 22 அன்று அங்கேதான் மரித்தார். வயது 43. அவருக்கு விசுவாசம் குறைவு என்று யார் சொல்லுவார்?

ஆகவே இப்போது ஊக்கமாய் ஜெபிக்கிறோம். மருந்தை நிறுத்தச் சொல்வதில்லை. சுகமாகாவிட்டாலும் கட்டிலைவிட்டு அகலுவதில்லை. உங்கள் காணிக்கையால் மருந்து வருகிறது. உண்மையைச் சொல்லும் தைரியத்துக்காகவும் ஜெபியுங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.