கிடைக்காதவர்களின் சாட்சி

(சபையின் 25ஆவது ஆண்டு நிறைவு நன்றி ஆராதனையில் வழங்கப்பட்ட செய்தி)

வேதபகுதி: எபிரெயர் 11:32–40



ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில், மடக்குக் கதிரைகளில் ஆறு குடும்பங்களாகக் கூடி ஜெபித்த நாட்கள் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். அன்று தொடங்கிய ஒரு வழக்கம் இன்றுவரை தொடர்கிறது. அதுதான் நமது சாட்சி நேரம். ஒருவருக்கு அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டது. இன்னொருவருக்கு வேலை கிடைத்தது. ஒரு தாய்க்கு விசா வந்தது. ஒரு தகப்பனுக்கு ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒவ்வொன்றுக்கும் நாம் கைதட்டி ஆண்டவரைத் துதித்தோம். பெற்ற நன்மையைச் சபை நடுவில் சொல்லுவது நல்லது.

ஆனால் இந்த நல்ல நாளில் நான் ஒரு தவறை உங்கள் முன் அறிக்கையிட வேண்டியிருக்கிறது.

பல வருடங்களுக்கு முன் நம் சபையில் ஒரு அக்காவின் கணவர் சிறுநீரகக் கோளாறினால் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார். உபவாசம் இருந்தோம். இரவு ஜெபம் வைத்தோம். ஒரு நாள் அந்த அக்காவிடம், "நீங்கள் சந்தேகப்படாமல் விசுவாசித்தால் போதும், கட்டாயம் சுகம் கிடைக்கும்" என்று நான் சொன்னேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். அந்த மார்கழியில் அவர் கணவர் இறந்துபோனார்.

அடக்க ஆராதனைக்குப் பிறகு அக்கா சபைக்கு வரவில்லை. மூன்று மாதம் கழித்து நானும் மனைவியும் அவரைப் பார்க்கப் போனோம். தேநீர் தந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "பாஸ்டர், எல்லோரும் சாட்சி சொல்லுகிறார்கள். என்னிடம் சொல்ல ஒன்றுமில்லையே. என் விசுவாசம் குறைந்தபடியால்தானே அவர் போனார்?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இறந்தவரின் பாரத்தோடு, அவர் இறந்ததற்கான குற்றத்தையும் சேர்த்து அந்தத் தோள்களில் வைத்தது நான்தான். (இதை அவருடைய அனுமதியோடு சொல்லுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.)

அன்றிரவு எபிரெயர் 11ஆம் அதிகாரத்தை மறுபடி வாசித்தேன். நாம் விசுவாச வீரர்களின் பட்டியல் என்று சொல்லும் அதிகாரம். அதில் 34ஆம் வசனத்தில் சிலர் பட்டயத்துக்குத் தப்புகிறார்கள். மூன்றே வசனம் தள்ளி, 37இல், வேறு சிலர் அதே பட்டயத்தால் சாகிறார்கள். தப்பியவர்களுக்கு விசுவாசம் கூட, செத்தவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று அங்கே எழுதியிருக்கிறதா? இல்லை. இரண்டு கூட்டத்தாருமே விசுவாசத்தினால் நற்சாட்சி பெற்றவர்கள் என்றுதான் அந்த அதிகாரம் முடிகிறது. வேதம் ஒரே பட்டியலில் வைத்தவர்களை நாம் இரண்டாகப் பிரித்து, கிடைத்தவர்களை மேடைக்கும் கிடைக்காதவர்களைக் கடைசி வரிசைக்கும் அனுப்பிவிட்டோம்.

பிள்ளைகளே, இப்போது உங்களுக்கு ஒரு கதை. இது உண்மையில் நடந்தது.

வட அயர்லாந்தில் ஏமி கார்மைக்கேல் என்று ஒரு சின்னப் பெண் இருந்தாள். அவளுக்குப் பழுப்பு நிறக் கண்கள். அம்மாவுக்கோ அழகான நீலக் கண்கள். ஒரு இரவு, "ஆண்டவரே, எனக்கும் நீலக் கண் தாரும்" என்று ஜெபித்துவிட்டுத் தூங்கினாள். காலையில் எழுந்து ஓடிப்போய்க் கண்ணாடியைப் பார்த்தாள். கண்கள் பழுப்பாகவே இருந்தன! அவளுக்கு எவ்வளவு ஏமாற்றமாக இருந்திருக்கும்! ஆனால் 'இல்லை' என்பதும் ஒரு பதில்தான் என்று அவள் அறிந்துகொண்டாள்.

அந்தப் பெண் வளர்ந்து, மிஷனரியாக ஜப்பானுக்குப் போய், சிறிது காலம் இலங்கையில் இருந்து, 1895இல் இந்தியாவுக்கு வந்தார். திருநெல்வேலிச் சீமையில் டோனாவூர் என்ற ஊரில், ஆபத்திலிருந்த பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்தார். நாம் நம் மண்ணைவிட்டுக் குளிர் தேசத்துக்கு வந்தோம். அவர் குளிர் தேசத்தை விட்டு நம் வெயிலுக்கு வந்து, தமிழ் படித்து, சேலை உடுத்தி, நம்மவரில் ஒருவரானார். அப்படி நம்மவர் நடுவில் நடமாட அந்தப் பழுப்புக் கண்களே அவருக்கு உதவின. முதல் 'இல்லை'க்குக் காரணம் அப்போது தெரிந்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1931இல் ஒரு மாலை, களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போன இடத்தில் புதிதாக வெட்டியிருந்த குழிக்குள் விழுந்தார். கால் முறிந்தது. அன்றுமுதல் 1951 ஜனவரி 18இல் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருடம், பெரும்பாலும் தன் அறைக்குள்ளேயே வாழ்ந்தார். சுகத்துக்காக எத்தனை பேர் ஜெபித்திருப்பார்கள்! மறுபடியும் 'இல்லை'. இந்த முறை காரணம் சொல்லப்படவில்லை.

அவர் அந்தப் படுக்கையிலிருந்து புத்தகங்கள் எழுதினார். அவற்றில் ஒன்று, நோயாளி ஒருவர் நோயாளிகளுக்கு எழுதியது. பிள்ளைகள் அந்த அறைக்கு வந்து போனார்கள். தன் கல்லறையில் கல் வைக்க வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால், பிள்ளைகள் பறவைகள் தண்ணீர் குடிக்கும் ஒரு தொட்டியை வைத்து, அதில் ஒரே ஒரு சொல்லைப் பொறித்தார்கள்: அம்மா.

பாருங்கள், ஒரே வாழ்க்கையில் இரண்டு 'இல்லை'. ஒன்றின் காரணத்தை அவர் இந்த உலகத்திலேயே கண்டுகொண்டார். மற்றதை விளக்கம் இல்லாமலே சுமந்தார். இரண்டிலும் ஆண்டவர் அவரோடு இருந்தார். பவுல் தன் முள்ளை எடுத்துவிடும்படி மூன்று தரம் கேட்டார். முள் போகவில்லை, கிருபை வந்தது. கெத்செமனேயில் நம் ஆண்டவரே மூன்று தரம் ஜெபித்தார். பாத்திரம் நீங்கவில்லை. அவருடைய விசுவாசம் குறைவு என்று யார் சொல்லத் துணிவார்?

ஆகவே பாடுகளின் வழியாகப் போகிறவர்களே, அழுவதற்குப் பயப்படாதிருங்கள். 88ஆம் சங்கீதத்தை வாசித்துப் பாருங்கள். முதலிலிருந்து கடைசிவரை புலம்பல். ஆறுதலான முடிவுகூட இல்லை. அதையும் தேவன் தம் வேதத்தில் வைத்திருக்கிறார். "ஏன் ஆண்டவரே?" என்று அவரிடமே கேட்பதும் ஜெபம்தான்.

அவர்களுக்கு அருகில் இருக்கிறவர்களே, யோபுவின் நண்பர்களிடம் கற்றுக்கொள்ளுங்கள். ஏழு நாள் இரவும் பகலும் ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள். எட்டாம் நாள் காரணம் கண்டுபிடிக்கத் தொடங்கினார்கள். கடைசியில் கர்த்தர் கோபித்துக்கொண்டது கேள்வி கேட்ட யோபுவின்மேல் அல்ல, காரணம் சொன்ன நண்பர்கள்மேல். நான் செய்ததும் எட்டாம் நாள் வேலைதான். நீங்கள் ஏழாம் நாளிலேயே நில்லுங்கள். சோறு கொண்டுபோங்கள். ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிப் போங்கள். ஆறாவது மாதமும் தொலைபேசி எடுங்கள். அப்போது மற்ற எல்லோரும் மறந்திருப்பார்கள்.

அந்த அக்காவிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். பதில் சொல்லாமல் கொஞ்ச நேரம் அழுதார். சில வாரம் கழித்து ஒரு ஞாயிறு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு சாட்சி நேரத்தில் தானாக எழுந்தார். மூன்று வசனம்தான் சொன்னார்: "அவர் ஏன் போனார் என்று எனக்கு இன்னும் தெரியாது. இரவில் இன்னும் அழுகிறேன். ஆனால் நான் அழும்போது ஆண்டவர் எழுந்து போய்விடுவதில்லை."

யாரும் கைதட்டவில்லை. சபை முழுவதும் அமைதியாக இருந்தது. இந்த 25 வருடங்களில் நான் கேட்ட சாட்சிகளில் அதைப் போல ஒன்று இல்லை.

இன்று நீங்கள் கேட்டது கிடைத்தவரானால், நன்றி சொல்லுங்கள். கிடைக்காதவரானால், உங்களுக்கும் இந்தச் சபையில் ஒரு இடமும், சொல்ல ஒரு சாட்சியும் உண்டு. வரும் ஞாயிறு அதைக் கேட்க நாங்கள் காத்திருப்போம்.

சகல ஆறுதலின் தேவன் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் காப்பாராக. ஆமென்.