வழுதாவூரிலிருந்து புறப்பட்டவன்: உள்நாட்டுப் போரும் நட்பும் வரலாற்றுப் புனைவும்



   

அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்ததும் முன்வரிசையில் சிலர் சிரித்தது எனக்குத் தெரியும். ‘மறுபடியும் தேசிங்கா?’ என்பதுதானே அந்தச் சிரிப்பு. ஆம், மறுபடியும் செஞ்சி ராஜா தேசிங்குதான். கருத்தரங்கத் தேநீர் இடைவேளைகளில் அரைகுறையாக நின்றுபோன வாதத்தை, குறுக்கே யாரும் பேச முடியாத இந்த ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று வந்திருக்கிறேன்.

வாதம் இதுதான். தமிழ் வரலாற்றுப் புனைவில் உள்நாட்டுப் போர் இல்லை என்கிறார்கள் நண்பர்கள். நமக்கு இருப்பதெல்லாம் படையெடுப்புகள்: சாளுக்கியன் வந்தான், பல்லவன் எதிர்த்தான், வெள்ளையன் வந்தான், பாளையக்காரன் எதிர்த்தான். பகைவன் எப்போதும் வெளியிலிருந்தே வருவதால், ஒரே ஆணையின் கீழ் வாழ்ந்தவர்கள் பிளந்து நிற்கும்போது நட்பு என்ன பாடுபடும் என்ற கேள்வி நம் புனைவில் எழவே இல்லையாம். எழுந்ததென்றால் அது ஈழப் போருக்குப் பிறகுதானாம். இதை நான் மறுக்கிறேன். கேள்வி இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நம் திண்ணையில் பாடப்பட்டு வருகிறது. அதை வேறு பெயரிட்டு அலமாரியில் வைத்துப் பூட்டியவர்கள் நாம்தான்.

செஞ்சி, 1714

‘பெரிய எழுத்து தேசிங்குராஜன் கதை’ என்று இரத்தின நாயக்கர் அண்ட் சன்ஸ் வெளியிட்ட புத்தகம் வட தமிழ்நாட்டில் எத்தனை வீடுகளில் இருந்தது என்பதை இங்குள்ள மூத்தவர்கள் அறிவார்கள். கதையை நினைவுபடுத்தத் தேவையில்லை; வரலாற்றை மட்டும் சுருக்கிச் சொல்கிறேன்.

1698இல் மராட்டியரிடமிருந்து செஞ்சிக் கோட்டை முகலாயர் கைக்கு வந்தது. ஔரங்கசீப்பின் ஆணைப்படி புந்தேல இராஜபுத்திரரான சொரூப்சிங் கோட்டைக்குத் தலைவரானார். பக்கத்து ஆங்கிலேயரோடு தேவனாம்பட்டினத்தில் அவர் மோதியபோது, சமாதானம் பேசி முடித்தவர் நாம் கூடியிருக்கும் இந்தப் புதுச்சேரியின் ஆளுநர் ஏபேர். 1714இல் சொரூப்சிங் இறந்தார். மகன் தேஜ்சிங், அதாவது நம் தேசிங்கு, வடக்கேயிருந்து வந்து கோட்டையைத் தன் உரிமையாக எடுத்துக்கொண்டான். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகான் வரிப்பாக்கியைக் கேட்டார். தந்தைக்குக் கொடுத்த ஆணை மகனுக்குத் தானாகச் செல்லாது, டெல்லியில் புதுப்பித்து வா என்றார். பாதுஷா கொடுத்தது கொடுத்ததுதான் என்றான் தேசிங்கு. 1714 அக்டோபர் 3ஆம் நாள் போர். இருபத்திரண்டு வயது என்று சொல்லப்படும் அந்த இளைஞனும், அவன் நண்பன் மகமத்கானும் அதே களத்தில் இறந்தார்கள். கதைப்பாடலில் அந்த நண்பனுக்குப் பெயர் மோவுத்துக்காரன்.

‘இது வெறும் வரிப்பாக்கிச் சண்டை, இதில் உள்நாட்டுப் போர் எங்கே வந்தது?’ என்று கேட்பவர்கள் டெல்லியைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். 1707இல் ஔரங்கசீப் இறந்ததும் பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள். 1712இல் பேரப்பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள். 1713இல் பெரியப்பனை வீழ்த்தி பரூக்சியர் அரியணை ஏறினார். ஏழு ஆண்டுகளுக்குள் சிம்மாசனம் இத்தனை கை மாறினால், எந்தப் பாதுஷா கொடுத்த எந்தக் காகிதம் செல்லும்? டெல்லியில் வாளால் கேட்கப்பட்ட கேள்வி செஞ்சிக்கு வந்து சேர்வதற்குள் பாக்கிக் கணக்காக உருமாறிவிட்டது, அவ்வளவுதான். களத்தில் நின்ற நவாப், தேசிங்கு, இருவரின் படைத்தலைவர்கள் எல்லோருமே ஒரே முத்திரையின் பேரில் பதவி பெற்றவர்கள். ஒரே முத்திரைக்காரர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்வதற்கு உள்நாட்டுப் போர் என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

இனி மோவுத்துக்காரனுக்கு வருகிறேன். மேடைதோறும் இவனை மத நல்லிணக்கத்தின் சின்னமாக்கி மாலை போடுகிறோம். இந்து ராஜாவுக்காக உயிர்விட்ட இஸ்லாமிய நண்பன் என்கிறோம். நோக்கம் நல்லதுதான், ஆனால் வாசிப்பு சோம்பேறித்தனமானது. எதிர்முகாமில் இதே கதையை ‘இந்து அரசனை வீழ்த்திய நவாப்’ என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பும் செய்யும் தவறு ஒன்றே: போரின் கோடு மதத்தின் மேல் போடப்பட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

பாக்கி கேட்டு நவாப் அனுப்பிய ஆள் யார்? லாலா தோடர்மால். கதைப்பாடலில் தோன்றமல்லன். அடுத்த முறை காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போகிறவர்கள் தாயார் சந்நிதிப் பக்கம் உள்ள கல்வெட்டைப் பாருங்கள். போர்க் காலத்தில் உடையார்பாளையத்தில் மறைத்து வைக்கப்பட்ட பெருமாளை 1710இல் காஞ்சிக்குத் திரும்பக் கொண்டுவர உதவியவர் இதே தோடர்மால். அவருக்குச் சிலையும் இருக்கிறது. ஆக, நவாபின் பக்கம் வரதராஜரின் அடியார். சிங்கவரம் அரங்கநாதரின் பக்தனான தேசிங்கின் பக்கம் மகமத்கான். மதத்தை வைத்துக் கோடு போட்டால் அந்தக் கோடு ஓரடிகூட நேராகப் போகாது.

இதில் அரங்கநாதரே தேசிங்கின் பக்கம் இல்லை என்பதையும் கவனியுங்கள். போருக்குமுன் சிங்கவரம் மலைக்குப் போய் உத்தரவு கேட்கிறான். பாறையைக் குடைந்த கருவறையில் பள்ளிகொண்ட பெருமாள் போக வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இன்றைக்கும் அந்தச் சாய்ந்த முகத்தை அர்ச்சகர் கற்பூர வெளிச்சத்தில் காட்டிக் கதை சொல்லுவார். தெய்வம் தடுத்தும் ராஜா புறப்படுகிறான். அப்படியானால் அவனுக்காகப் போகும் நண்பனிடம் என்ன நியாயம் மிஞ்சுகிறது? தன் நவாபை எதிர்க்கிறான். நண்பனின் கடவுளே கைவிட்ட காரியத்தில் இறங்குகிறான். அதுவும் கலியாணப் பந்தலிலிருந்து எழுந்து.

அந்தப் பந்தல் இருந்த ஊர் வழுதாவூர். நம் ஊரில் வழுதாவூர் சாலை என்று தினமும் சொல்கிறோமே, அந்தச் சாலை போய்ச் சேரும் ஊர். தேசிங்கின் ஓலை வந்தபோது மோவுத்துக்காரன் அங்கே மணக்கோலத்தில் இருந்தான் என்கிறது கதை. படித்தான், மாலையைக் கழற்றினான், நீலவேணிக் குதிரையில் ஏறினான். ஏன் போகிறான் என்று பாடகன் சொல்வதில்லை. நவாபின் உப்பை நினைத்தானா, மணமகளுக்கு என்ன சொன்னான், பந்தலில் உட்கார்ந்திருந்த உறவினர்களில் எத்தனை பேர் நவாபின் படையில் இருந்தார்கள், ஒன்றும் சொல்வதில்லை.

இந்த மௌனத்தைத்தான் நண்பர்கள் நாட்டார் இலக்கியத்தின் முதிர்ச்சியின்மை என்கிறார்கள். உளவியல் இல்லையாம். நான் நேர்மாறாக நினைக்கிறேன். பாடகன் காரணம் சொல்லியிருந்தால் ஒரு விசுவாசம் சரி, மற்றது தவறு என்று தீர்ப்பாகியிருக்கும். அவன் இரண்டையும் முழு எடையோடு விட்டுவைக்கிறான். அதற்கு அவன் பயன்படுத்தும் உத்தியையும் பாருங்கள். தேசிங்கும் தன் மனைவியிடம் திரைக்கு அப்பால் நின்றுதான் விடைபெறுகிறான். திரைக்கு வெளியே நீளும் கை தரும் வெற்றிலையை வாங்கிக்கொண்டு கிளம்புகிறான். இருவரும் வாழாத வாழ்க்கையை விட்டுவிட்டே களத்துக்கு வருகிறார்கள். ஒருவன் ராஜா, அவனுக்கு மானம் என்ற காரணம் உண்டு. மற்றவனுக்கு அதுவும் கிடையாது. அதனால்தான் கேட்கிறவர்கள் ராஜாவுக்காக அழுவதைவிட மோவுத்துக்காரனுக்காக அதிகம் அழுகிறார்கள் என்பது என் எண்ணம்.

இன்னொரு காட்சியும் உண்டு. செஞ்சிக்கும் களத்துக்கும் நடுவே ஆறு. வராக நதி என்றும் சங்கராபரணி என்றும் சொல்கிறோம். வில்லியனூர் வழியாக நம் கடலுக்கு வந்து சேரும் அதே ஆறு. அன்றைக்கு வெள்ளம் போய்க்கொண்டிருந்தது. தேசிங்கு குதிரையை இறக்கிவிட்டான். உடன் இறங்கியவர்கள் கொஞ்சம் பேர்தான். மீதிப் படை கரையிலேயே நின்றுவிட்டது. அவர்களைத் துரோகிகள் என்று யாரும் பாடவில்லை. வெள்ளம் உண்மையாகவே இருந்ததே! பயந்து நின்றவன், நவாபோடு நாளைக்கும் பிழைக்க வேண்டுமே என்று நின்றவன், நீச்சல் தெரியாமல் நின்றவன் எல்லோரும் ஒரே கரையில், ஒரே மழையில். உள்நாட்டுப் போரைப் பற்றி நாவல் எழுத வருகிறவனுக்கு இதைவிடச் செழிப்பான ஓர் இடம் கிடைக்காது. யாரும் எழுதவில்லை.

போர் முடிந்தபின் பகைவனின் உடலுக்கு நவாப் மரியாதை செய்தார் என்பார்கள். உடன்கட்டை ஏறிய ராணியின் நினைவாக எழுந்ததே இராணிப்பேட்டை என்பார்கள். கடலிக்கு அருகே நீலாம்பூண்டியில் மகமத்கானின் சமாதியை ஊரார் காட்டுவார்கள். இதில் எது வரலாறு, எது பிற்சேர்க்கை என்று பிரிக்கும் வேலையைச் சி. எஸ். சீனிவாசாச்சாரியார் 1943லேயே தம் செஞ்சி வரலாற்றில் தொடங்கிவைத்தார். நாம் தொடரவில்லை.

சினிமாக்காரர்கள்கூட நம்மைவிடச் சரியாகப் புரிந்துகொண்டார்கள் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். 1960இல் வந்த ‘ராஜா தேசிங்கு’ படத்தில் எம்.ஜி.ஆருக்கு இரட்டை வேடம். ஒருவர் தேசிங்கு, மற்றவர் எதிரணியில் வளர்ந்த சகோதரன் தாவூத்கான். சரித்திரப்படி அபத்தம்தான். ஆனால் இது உடன்பிறந்தார் சண்டை என்பதை ஒரே முகத்தை இரண்டு பக்கமும் நிறுத்திக் காட்டிவிட்டார்கள்.

கல்கியும் பிரபஞ்சனும்

நேரம் ஓடுகிறது. ‘பொன்னியின் செல்வ’னில் வாரிசுரிமைச் சதியும் உண்டு, நட்புப் பிளவும் உண்டு: வந்தியத்தேவனும் கந்தமாறனும். இதைச் சொல்லி என்னை மடக்கப் பார்ப்பவர்கள் உண்டு. ஆனால் கல்கி என்ன செய்கிறார்? தஞ்சைச் சுரங்கப் பாதையில் கந்தமாறன் முதுகில் கத்தி பாய்கிறது; வந்தியத்தேவன்தான் குத்தினான் என்று அவன் நம்பிவிடுகிறான். பகைக்குக் காரணம் அந்தத் தப்பெண்ணம். உண்மை தெரிந்தால் தீர்ந்துபோகும் பகையை இரட்டை விசுவாசம் என்று சொல்ல முடியாது. அங்கே ஒருவன் பக்கம் நியாயம், மற்றவன் பக்கம் முட்டாள்தனம். கல்கியின் சுவாரசியத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. கடினமான கேள்வியைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார் என்பதே என் குறை.

பிரபஞ்சன் சுற்றிக்கொண்டு போகவில்லை. நம் ஊர்க்காரர் என்பதற்காகச் சொல்லவில்லை. ‘மானுடம் வெல்லும்’, 1995இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற ‘வானம் வசப்படும்’ இரண்டிலும் ஆனந்தரங்கப் பிள்ளை பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் ஆளாகவும் இருக்கிறார், ஊர்க்காரராகவும் இருக்கிறார். பிள்ளையின் நாட்குறிப்பைக் கதையாக்கிவிட்டார் என்று ஒதுக்குவது அநியாயம். ஆனால் அந்தக் காலத்தையே நாம் ‘ஆங்கிலேய–பிரெஞ்சுப் போர்’ என்று பாடப்புத்தகத்தில் போட்டுவிட்டதால், அதற்குள்ளிருக்கும் வாரிசுப் போர் கண்ணில் படுவதில்லை. 1750இல் தக்காணச் சுபேதார் நாசிர்ஜங் பாளையம் இறங்கியதும் அதே வழுதாவூர்தான்! சகோதரி மகன் முசபர்ஜங் மாமனின் சத்தியத்தை நம்பிச் சரணடைந்தான், விலங்கு பூட்டினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் மாமனைக் கொன்றது அவருடைய கூட்டாளிப் பட்டாணிய நவாபுகள். மருமகன் விலங்கு கழன்று சுபேதாரானான். அடுத்த ஆண்டே அதே பட்டாணியர்களோடு மோதிச் செத்தான். இந்தச் சங்கிலியில் வெள்ளைக்காரன் ஒரு கண்ணிதான்.

செய்ய வேண்டியவை

மணி அடித்துவிட்டார்கள். மீதியைத் தலைப்புகளாக மட்டும் சொல்கிறேன். தேசிங்கு கதையின் அச்சுப் பதிப்புகளையும் பாடுவோரின் வாய்மொழி வடிவங்களையும் ஒப்பிட்ட செம்பதிப்பு வேண்டும். முனைவர் பட்டத்துக்கு நல்ல பொருள். மதுரையில் 1764இல் தூக்கிலிடப்பட்ட யூசுப்கானை முற்றுகையிட்டவர்கள், அவர் ஆங்கிலேயர் படையில் இருந்த காலத்துத் தோழர்கள்; பிடித்துக் கொடுத்தவர்களில் அவரது பிரெஞ்சுத் தளபதி மர்சாந்தும் ஒருவர். அதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும், இன்று முடியாது. ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ போன்ற ஈழப் புனைவுகளை இந்தப் பழைய மரபோடு சேர்த்து வாசிக்கலாம். அவர்கள் ஒப்புக்கொள்வார்களா என்பது வேறு விஷயம். நம் ஊரிலேயே 1954 கீழூர் வாக்கெடுப்பு இருக்கிறது. 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைப்புக்கு வாக்களித்தார்கள். மற்ற எட்டுப் பேரின் பக்கமிருந்து யாராவது ஒரு நாவல் எழுதலாம். இந்தோசீனாவில் பிரெஞ்சுக் கொடியின் கீழ் சண்டையிட்டுத் திரும்பிய சொல்தாக்களின் வீடுகளில் கடிதங்கள் இருக்கும். கரையான் தின்பதற்குள் மாணவர்கள் போய்ப் பார்க்கட்டும். வழுதாவூரிலும் கள ஆய்வு செய்ய வேண்டும், பல்கலைக்கழகம் பேருந்துச் செலவையாவது தரட்டும்.

மறுப்பு உள்ளவர்கள் எழுத்தில் தாருங்கள், பதில் எழுதுகிறேன்.