நேத்தே கட்டிட்டேன்னு இங்கிலீஷ்ல சொல்லத் தெரியணும்

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



நான் டீச்சர் இல்லை. பத்தாவது படிச்சேன், கல்யாணம் ஆச்சு, வீட்டைப் பார்த்துக்கறேன். என் பொண்ணு எட்டாவது படிக்கிறா. அவளோட இங்கிலீஷ் புத்தகத்தை வச்சு ஒரு வருஷமா நானும் கத்துக்கிட்டு வரேன். அதுல எனக்கு ரொம்பப் பிரயோஜனமா இருந்தது இறந்த காலம். அதான் பாஸ்ட் டென்ஸ். அதைப் பத்தி மட்டும் பேசுறேன்.

ஏன் இறந்த காலம்? நம்மகிட்ட வெளியாளுங்க கேக்கற கேள்வியில பாதிக்கு மேல நடந்து முடிஞ்ச விஷயம்தான். எப்போ கட்டினீங்க? எங்க வேலை பார்த்தீங்க? ஜுரம் என்னிக்கு வந்துச்சு? காலத்தை மாத்திச் சொன்னா விஷயமே மாறிடும்.

எங்க குழுவுல ஒரு அக்கா. பேர் வேண்டாம். ஒரு பைனான்ஸ்ல கடன் வாங்கி இருந்தாங்க. அந்த மாசத் தவணையை 5ஆம் தேதியே கட்டிட்டாங்க. 8ஆம் தேதி வெளி மாநிலத்துல இருந்து போன். பேசினவருக்கு ஹிந்தியும் இங்கிலீஷும்தான் தெரியும். அக்கா தனக்குத் தெரிஞ்ச வார்த்தையை வச்சு, "ஐ பே சார், ஐ பே சார்"னு சொன்னாங்க. இவங்க நினைச்சது "கட்டிட்டேன்". அவர் புரிஞ்சுக்கிட்டது "கட்டறேன்". இனிமேதான் கட்டப் போறாங்கன்னு எழுதிக்கிட்டார் போல. மறுநாள் திரும்பப் போன், "எப்போ கட்டுவீங்க"ன்னு. கட்டின பணத்துக்கு நாலு நாள் பேச்சு வாங்கினாங்க. அப்புறம் நாங்க ரெண்டு பேரும் உக்காந்து ஒரு சீட்டுல தமிழ் எழுத்துலயே எழுதினோம்: "ஐ பெய்ட் ஆன் தி ஃபிஃப்த். ஐ ஹேவ் தி ரெசிப்ட்." அடுத்த போன்ல அதைப் பார்த்துப் படிச்சாங்க. அவர் ரசீது நம்பர் கேட்டார், கொடுத்தாங்க. அதோட போன் வர்றது நின்னு போச்சு.

இதோட இன்னொண்ணும் தெரிஞ்சுக்கங்க. கடன் வாங்கினவங்களுக்குப் புரியற மொழியிலதான் பைனான்ஸ் கம்பெனிங்க பேசணும், எழுதணும்னு ரிசர்வ் வங்கியே விதி வச்சிருக்கு. "தமிழ் தெரிஞ்சவங்களை விட்டுப் பேசச் சொல்லுங்க"ன்னு கேக்க நமக்கு உரிமை இருக்கு. அதைக் கேளுங்க. ஆனா தமிழ் ஆள் வர்ற வரைக்கும் நம்ம பக்கத்தைச் சொல்ல ஒரு வார்த்தை கையில இருக்கணும்.

வேலைக்குப் போறவங்களுக்கும் இதே கதைதான். தாம்பரம் சானடோரியத்துல மெப்ஸ் 1984ல வந்துச்சு. நம்ம பிள்ளைங்க எத்தனையோ பேர் அங்க இன்டர்வியூக்குப் போறாங்க. முன்னாடி பார்த்த வேலையை "ஐ வொர்க்"னு சொன்னா இன்னும் அங்கேயே வேலை பார்க்கிறதா அர்த்தம். விட்டுட்டு வந்திருந்தா "ஐ வொர்க்ட்". ஆஸ்பத்திரியில "ஐ ஹேவ் ஃபீவர்"னா இப்போ ஜுரம் அடிக்குது. போன வாரம் வந்து போச்சுன்னா "ஐ ஹேட் ஃபீவர் லாஸ்ட் வீக்".

சரி, எப்படிக் கத்துக்கறது? கோ வென்ட் ஆகுது, ஈட் ஏட் ஆகுது, கட் கட்டாவே இருக்குது, இதுக்கு ஒரு கணக்கே இல்லையேன்னு நிறைய பேர் பயப்படறாங்க. நம்ம தமிழைக் கொஞ்சம் பாருங்க. நில், சொல், கல். மூணும் ஒரே மாதிரிதான் முடியுது. இறந்த காலத்துல என்ன ஆகுது? நின்றேன், சொன்னேன், கற்றேன். மூணும் மூணு வழி. இறந்த காலத்துக்கு த், ட், ற், இன்னு நாலு இடைநிலை இருக்குன்னு நன்னூல் சொல்லுது. பள்ளிக்கூடத்துல பகுபத உறுப்பிலக்கணம்னு பிரிச்சு எழுதினோமே, அதுதான். செய்தேன்ல த், உண்டேன்ல ட், கற்றேன்ல ற், ஓடினேன்ல இன். நாம இதை மனப்பாடம் பண்ணியா பேசுறோம்? பேசிப் பேசி வந்துச்சு. வென்ட்டும் அப்படித்தான் வரும்.

இங்கிலீஷ்ல ஒரு சௌகரியமும் இருக்கு. நமக்கு வந்தேன், வந்தான், வந்தா, வந்தாங்க, வந்துச்சுன்னு ஆளுக்கு ஒண்ணு. அவங்களுக்கு ஐ கேம், ஹீ கேம், ஷீ கேம், தே கேம். யாரா இருந்தாலும் கேம்தான். வாஸ், வேர் மட்டும் ஆளைப் பார்த்து மாறும்.

மாறாத வினைக்கெல்லாம் கடைசியில ட் சத்தம் ஒட்டிக்கும். குக்ட், வாஷ்ட், கால்ட். "குக்கெட், வாஷெட்"னு இழுக்க வேண்டாம். வான்ட், நீட் மாதிரி ஏற்கெனவே அந்தச் சத்தத்துல முடியற வார்த்தைக்குத்தான் இழுக்கணும். வான்டட், நீடட்.

அடுத்தது டிட். எல்லாரும் திணறுற இடம் இது. "டிட் யூ வென்ட்" இல்லை, "டிட் யூ கோ". "ஐ டிட் நாட் கேம்" இல்லை, "ஐ டிட் நாட் கம்". ஏன்னு கேட்டா, நம்ம தமிழே பதில் சொல்லுது. நேத்து வரலைன்னு சொல்றோம். வர, இல்லை, அவ்வளவுதான். அதுல இறந்த காலம் எங்க இருக்கு? "வந்தில்லை"ன்னு யாராவது சொல்றோமா? இல்லைன்னு வந்தா நம்ம வினை காலத்தைக் கழட்டி வச்சிடுது. அங்க டிட் வந்தா அவங்க வினை காலத்தைக் கழட்டி வச்சிடுது.

இனி மூணு வகை. வந்தேன், வந்திருக்கேன், வந்திருந்தேன். வந்தேன்னா ஐ கேம். வந்திருக்கேன்னா ஐ ஹேவ் கம், வந்து இப்போ இங்க இருக்கேன். வந்திருந்தேன்னா ஐ ஹேட் கம், இன்னொண்ணு நடக்கறதுக்கு முன்னாடியே வந்துட்டேன். மூணும் நம்ம வாயில தினமும் வர்றதுதான். ஒரு எச்சரிக்கை மட்டும் இருக்கு. முடிஞ்சு போன தேதி, வருஷம், நேத்துன்னு சொன்னா ஹேவ் போடக் கூடாது. தமிழ்நாட்டுல நம்ம மாதிரி மகளிர் குழுக்கள் 1989ல தர்மபுரி மாவட்டத்துல ஆரம்பிச்சது. அதைச் சொல்லும்போது "ஸ்டார்டட் இன் 1989"னு சொல்லணும். "ஹேவ் ஸ்டார்டட் இன் 1989"னு சொன்னா தப்பு. காலையில வாசல் ஈரமா இருந்தா "ராத்திரி மழை பெஞ்சிருக்கு"ன்னு சொல்றோம். நாம பார்க்கலை, ஈரத்தை வச்சு ஊகம் பண்றோம். தமிழ்ல "பெஞ்சிருக்கு"ங்கற ஒரே வார்த்தையில அந்த ஊகம் வந்துடுது. அதை அப்படியே ஹேவ், ஹேஸ் போட்டு மாத்தினா சரியா வராது. "இட் ரெயின்ட் லாஸ்ட் நைட்"னுதான் சொல்லணும்.

கடைசியா ஒண்ணு. இது எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. அகரம்தென், மாடம்பாக்கம் பக்கத்துப் பெரியவங்க சொல்வாங்க, "முன்னாடி இங்கெல்லாம் நெல்லு போடுவோம், ஏரியில குளிப்போம்". போடுவோம், குளிப்போம்னா எதிர்காலம். ஆனா சொல்றது பழைய கதை. இதை அப்படியே "வீ வில்"னு சொன்னா, கேக்கறவங்க அடுத்த வருஷம் நெல்லு போடப் போறாங்கன்னு நினைப்பாங்க. இன்னிக்கு அங்க வீடுங்க நிக்குது! அதுக்கு இங்கிலீஷ்ல "யூஸ்ட் டு"ன்னு தனி வார்த்தை. "வீ யூஸ்ட் டு க்ரோ பேடி ஹியர்." பழக்கமா செஞ்சோம், இப்போ செய்யறதில்லைன்னு அந்த ரெண்டு வார்த்தையே சொல்லிடும்.

பழகறதுக்குப் பணம் வேண்டாம், ட்யூஷன் வேண்டாம். ராத்திரி பாத்திரம் தேய்க்கும்போது அன்னிக்கு செஞ்ச அஞ்சு வேலையை வாய்விட்டுச் சொல்லுங்க. ஐ குக்ட் சாம்பார். ஐ வென்ட் டு தி ரேஷன் ஷாப். ஐ பாட் ரைஸ். பிள்ளைங்க சிரிச்சா சிரிக்கட்டும், திருத்தச் சொல்லுங்க. அவங்க பாடமும் சேர்ந்து தேறும்.

நம்ம கையிலயே ஒரு நல்ல புத்தகமும் இருக்கு, தீர்மான நோட்டு. கூட்டம் நடந்தது, 12 பேர் வந்தாங்க, சேமிப்பு வசூல் பண்ணோம், கடன் கொடுத்தோம். எல்லாமே இறந்த காலம். வாரக் கூட்டத்துல சேமிப்பு வசூலிச்சு முடிச்சதும் பத்து நிமிஷம் ஒதுக்கலாம். ட்வெல்வ் மெம்பர்ஸ் கேம். வீ கலெக்டட் தி சேவிங்ஸ். வீ கேவ் எ லோன். எங்க குழுவுல இப்படித்தான் பண்றோம். முதல்ல வாயே திறக்காத பெரியம்மா ஒருத்தங்க இப்போ வந்து உக்காந்ததும், "ஐ கேம் ஃபர்ஸ்ட்"னு சொல்றாங்க.

நாம உழைச்சது, சேர்த்தது, கட்டினது எல்லாம் நடந்து முடிஞ்ச விஷயங்கள். அதை "செஞ்சேன், கட்டினேன்"னு எதிரே இருக்கறவங்களுக்குப் புரியற மாதிரி நாமளே சொல்லணும். நமக்காக இன்னொருத்தர் வந்து பேசற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு வார்த்தைன்னு வச்சாலும் அடுத்த ஆண்டு விழாவுக்குள்ள 365 வார்த்தை ஆகிடும்.