மலையில் இழுக்காத பிக்கப்

(சாரதிமாரும் குடும்பத்தாரும் கூடிய ஞாயிறு கூட்டத்தில் நாங்கள் பேசியதன் எழுத்து வடிவம்)

 

வாகனப் பழுதைப் பற்றிய பேச்சுக்கு அம்மாமார் ஏன் வந்து உட்காரணும் என்று வாசலில் ஒரு அண்ணன் கேட்டார். பிக்கப் பாதி மலையில் நின்றால் இறங்கி நடக்கிறவர்கள் அவர்கள்தானே. ரிப்பேர் காசுக்கு அடகுக்குப் போவதும் அவர்களுடைய தோடுதான்.

போன வருஷம் ஐப்பசி மழையில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். ஒரு மேல் டிவிஷனில் நான்கு குடும்பங்கள் சேர்ந்து பழைய டீசல் பிக்கப் ஒன்று வாங்கியிருந்தார்கள். பகலில் மரக்கறி ஏற்றும், இரவில் யாருக்கும் சுகமில்லை என்றால் அதுதான் அம்புலன்ஸ். அந்த லயத்திலிருந்து ஆற்றுப் பாலத்துக்கு இறங்கி, மறுபக்கம் மூன்று முடக்கு ஏறினால்தான் தார் ரோடு. ஓர் இரவு வலி எடுத்த பிள்ளைத்தாச்சியை ஏற்றிக்கொண்டு போகும்போது, இரண்டாம் முடக்கில் வண்டி திணறித் திணறி நின்றுவிட்டது. அந்தப் பிள்ளையும் மாமியாரும் தூறலில் இறங்கி நடந்தார்கள். பத்து நிமிஷம் கழித்து ஸ்டார்ட் பண்ணினால், ஒன்றுமே நடக்காத மாதிரி வண்டி ஏறிவந்து அவர்களைப் பிடித்தது! குழந்தை ஆஸ்பத்திரியில் நல்லபடியாகப் பிறந்தது. ஆனாலும் பயம் பிடித்துவிட்டது.

டவுனில் ஒரு கராஜில் காட்டினார்களாம். ஓட்டிப் பார்க்காமலே, "என்ஜின் முடிஞ்சிருச்சு, இறக்கித்தான் செய்யணும்" என்று சொல்லிவிட்டார்கள். நகையைப் பொட்டலம் கட்டிய பிறகுதான் எங்களிடம் வந்தார்கள்.

நாங்கள் ஸ்பேனரைத் தொடவில்லை. முதலில் கேட்டது புகையைப் பற்றி. மலை ஏறும்போது சைலன்சரில் கறுப்புப் புகை கக்கினால், டீசலுக்கு ஏற்ற காற்று போதவில்லை என்று அர்த்தம். நம்முடைய ரோட்டுத் தூசிக்கு எயார் கிளீனர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அதைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாலே தெரியும். வெள்ளைப் புகை வேறு கதை. டீசல் சரியாக எரியாமல் போகலாம், தண்ணீரும் உள்ளே போகலாம். ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறதா என்று பார்க்கணும், ஆனால் சூட்டோடு மூடியைத் திறக்கவே கூடாது. என்ஜின் சத்தம் கூடுது, வேகம் கூடலை, கருகின வாடை வருது என்றால் அது கிளச் வழுக்கல். என்ஜினைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. ஓடி நின்றதும் ஒரு சில்லு மட்டும் அனல் அடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. (கையைக் கிட்டக் கொண்டுபோனாலே போதும், தொட்டுப் பார்க்காதீர்கள்.) ஒரு தடவை அக்சிலேட்டருக்குக் கீழே கால்மிதி விரிப்பு மடிந்து கிடந்ததை எடுத்துவிட்டே ஒரு வண்டியைச் சுகப்படுத்தியிருக்கிறோம்.

இந்த வண்டிச் சாரதித் தம்பி சொன்னதைக் கேளுங்கள்: "புகையே இல்லீங்க. சமதரையில நல்லா ஓடுது. ஏத்தத்தில ரெண்டு மூணு நிமிசம் போனா செத்துப் போவுது. நிப்பாட்டி வச்சா திரும்ப உயிர் வருது."

பாதி விஷயம் இதிலேயே இருக்கிறது. தேய்ந்துபோன என்ஜின் பத்து நிமிஷ ஓய்வில் இளமையாகாது. புகையும் இல்லை, பலமும் இல்லை என்றால் டீசல் போய்ச் சேரவில்லை. சமதரையில் என்ஜின் கொஞ்சமாகத்தான் குடிக்கும். ஏற்றத்தில் மடக்கு மடக்காகக் குடிக்கும். அப்போதுதான் குறை வெளியே தெரியும்.

மலை உயரமும் காரணம்தானே என்று கேட்பீர்கள். உண்மைதான். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. டர்போ இல்லாத என்ஜின் ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பலத்தை இழக்கும். நுவரெலியா டவுன் 1,860 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. ஆனால் அந்தக் குறை தினமும் இருக்கிற குறை. போன மாதம் ஏறின வண்டி இந்த மாதம் ஏறவில்லை என்றால் மலைமேல் பழி போடக் கூடாது.

டீசல் பில்டரை அவர்கள் ஏற்கனவே மாற்றியிருந்தார்கள். அடியில் தேங்கும் தண்ணீரையும் இறக்கிப் பார்த்தோம், ஒன்றுமில்லை. பிறகு வண்டியை அதே பாலத்து ஏற்றத்துக்குக் கொண்டுபோனோம். அது சாகத் தொடங்கியதும் நிறுத்தி, சில்லுக்குக் கல் வைத்துவிட்டு, பில்டருக்கு மேலே இருக்கிற கைப்பம்பை அமுக்கினோம். அமுக்கினது அமுக்கினபடியே கிடந்தது, மேலே எழும்பவில்லை. டேங்கிலிருந்து வருகிற பக்கம் எங்கேயோ அடைபட்டிருக்கிறது!

குழாயைக் கழற்றுவதற்கு முந்தி டேங்க் வாயைப் பார்த்தோம். மூடி இல்லை. பொலித்தீன் பையை நாலாக மடித்து, டியூப் றப்பரால் இறுக்கி, மேலே கம்பியும் சுற்றியிருந்தது. அவிழ்த்ததும் "உஸ்ஸ்" என்று காற்று உள்ளே போனது. பம்பும் எழும்பியது. ஸ்டார்ட் பண்ணினோம். மூன்று முடக்கையும் ஒரே மூச்சில் ஏறியது.

சின்னப் பிள்ளை பிளாஸ்டிக் போத்தலில் வாய் எடுக்காமல் தண்ணீர் குடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். போத்தல் ஒட்டிப்போகும், தண்ணீர் வராது. வாயை எடுத்தால் காற்று போய் மறுபடி வரும். டேங்கும் அப்படித்தான். டீசல் குறைகிற அளவுக்குக் காற்று உள்ளே போகணும். அதற்காகத்தான் மூடியில் வழி வைத்திருக்கிறார்கள். மூடி இருந்தும் அந்த வழி சேற்றில் அடைபட்டால் இதே வருத்தம்தான்.

யார் கட்டியது என்று கேட்டோம். தம்பியின் அம்மா தலை குனிந்துகொண்டார். மூடி தொலைந்ததும் துணி அடைத்திருக்கிறார்கள். துணியில் மழைத்தண்ணீர் இறங்குவதைக் கண்டு அவர்தான் பொலித்தீனை இறுக்கிக் கட்டியிருக்கிறார். அதில் என்ன தப்பு? டீசலில் தண்ணீர் போனால் பம்பே கெட்டுப்போகும், அவர் பயந்தது நியாயம்தான். மூடி தொலைந்த அன்றே ஒன்று வாங்காத நான்கு ஆம்பிளைகளைத்தான் நாங்கள் ஏசினோம்.

மூடி வாங்கும்போது அந்த வண்டிக்கு உரியதா, காற்று வழி உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். எல்லாம் பார்த்தும் சரிவராவிட்டால் மட்டும் இன்ஜெக்டர், கொம்பிரஷன் என்று கராஜுக்குப் போகலாம். போகும்போது புகை என்ன நிறம், எந்த இடத்தில் நின்றது, எவ்வளவு நேரத்தில் திரும்ப ஏறியது என்று ஒரு துண்டில் எழுதிக் கொண்டுபோங்கள். பின்னால் இருந்து வருகிறவர்களுக்குத்தான் புகை நன்றாகத் தெரியும். அதனால் அம்மாமாரும் பார்த்துச் சொல்லணும்.

அந்தப் பிக்கப் வெளியே நிற்கிறது, புது மூடியைச் சங்கிலியில் கட்டி வைத்திருக்கிறார்கள். தேத்தண்ணி குடித்துவிட்டு வாங்க, மூடியையும் கைப்பம்பையும் தொட்டுக் காட்டுகிறோம். பீடி, சுருட்டு மட்டும் இங்கேயே இருக்கட்டும்.