திறந்த ஏடும் பூட்டிய ஏடும்

(மன்றக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வயதாலும் அனுபவத்தாலும் மூத்தவர்கள் நிறைந்த இச்சபையிலே, பல்கலைக்கழகப் படிப்பை இன்னும் முடித்திராத நாம் பேச முன்வந்தது துணிவுதான். எனினும், எடுத்துக்கொண்ட பொருள் இளையோர் கூற மூத்தோர் கேட்கத்தக்க சில பொருள்களுள் ஒன்றாகையால், அத்துணிவைப் பொறுத்தருள்வீர்கள் என நம்புகிறோம்.

கணினிக்குள் இருக்கும் மென்பொருள் யாருக்குச் சொந்தம்? அதைத் திறந்து பார்க்கும் உரிமை யாருக்கு உண்டு? இவ்விரு கேள்விகள் பற்றி உலகில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஓயாத வாதம் நடக்கிறது. "கரைவலை இழுப்பவனுக்கும் தோட்டத்துக்கு நீர் இறைப்பவனுக்கும் இந்த வாதம் எதற்கு?" என்று நம்மவர் கேட்கக்கூடும். பிள்ளையின் பரீட்சைப் பெறுபேறு, வங்கிக் கணக்கு, வைத்தியசாலைப் பதிவு, அரசாங்க உதவிப் பட்டியல் ஆகிய இவையெல்லாம் இன்று ஏதோ ஒரு மென்பொருளின் வாயிலாகவே நம் வாசலுக்கு வருகின்றன. நம்மை ஆளுகின்ற ஒன்றைப் பற்றி நாம் அறியாதிருத்தல் தகுமா?

முதலில் விஷயம் இன்னதென்று விளங்கிக்கொள்வோம். நமது மாம்புரிக் கரையிலே வலை அறுந்தால் என்ன செய்கிறோம்? வலை சம்மாட்டியினுடையதாயினும், நிழலில் அமர்ந்து கண்ணுக்குக் கண் பார்த்துப் பொத்துகிறவர்கள் கரையில் உள்ளவர்களே. முடிச்சு எப்படிப் போடப்பட்டிருக்கிறது என்பது தெரிகிறது. ஆகவே பொத்த முடிகிறது. இப்போது ஒரு வியாபாரி வந்து, "இந்த வலையை விலைக்குத் தருகிறேன். ஆனால் முடிச்சைப் பார்க்கக் கூடாது, அறுந்தால் நீங்கள் பொத்தக் கூடாது, அயலவனுக்கு இரவல் கொடுக்கக் கூடாது, ஆண்டுதோறும் எனக்குப் பணமும் கட்ட வேண்டும்" என்று சொன்னால், அவனைக் கரையில் நிற்க விடுவோமா? கணினி உலகிலோ அந்த வியாபாரிக்கு ஆசனம் இட்டு உபசாரம் செய்கிறோம்!

மென்பொருள் என்பது மனிதர் எழுதிய கட்டளைத் தொகுதி. எழுதியவர் எழுதிய வடிவுக்கு மூலநிரல் என்று பெயர். அதனை இயந்திரம் மாத்திரம் விளங்கிக்கொள்ளும் வடிவுக்கு மாற்றி விற்கும்போது மூலம் மறைந்துவிடுகிறது. மூலத்தையும் கூடவே கொடுத்து, "பாருங்கள், திருத்துங்கள், பிறர்க்கும் கொடுங்கள்" என்று சொல்வதே திறந்த மூல மென்பொருள். 1983இல் அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டோல்மன் இக்கொள்கையை முன்வைத்து ஒரு பெருமுயற்சியை அறிவித்தார். 1991இல் பின்லாந்து தேசத்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், தமது 21ஆம் வயதில் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் உட்கருவை வெளியிட்டார். இன்று உங்கள் சட்டைப்பையில் இருக்கும் அன்ட்ரொயிட் கைத்தொலைபேசியின் உட்கருவும் அதுவே. உலகின் அதிவேகக் கணினிகள் எனப் பட்டியலிடப்படும் 500உம் 2017ஆம் ஆண்டின் இறுதி முதல் லினக்ஸிலேயே இயங்கி வருகின்றன. ஒரு மாணவன் திறந்து வைத்த கதவு எத்தனை பெரிய மண்டபத்துக்கு வழிவிட்டது, பாருங்கள்!

இக்கொள்கை மேல்நாட்டிலிருந்து கப்பலில் வந்திறங்கிய சரக்கென்று எண்ண வேண்டா. ஏட்டைப் பெயர்த்தெழுதிக் கொடுப்பதும், அதற்கு உரை வகுப்பதும், ஒருவர் உரையை மற்றொருவர் மறுத்துத் திருத்துவதும் நமது பழைய மரபு. அதே வேளையில் ஏட்டைப் பெட்டியில் பூட்டிப் பூசித்த மரபும் நம்மிடம் இருந்தது. பூட்டியவர் வீட்டில் செல்லரித்துப் போன நூல்கள் எத்தனை! சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் ஊர் ஊராய்ச் சுவடி தேடி 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றியிராவிட்டால், அவற்றின் கதி என்னவாகியிருக்குமோ!

மிஷன் பாடசாலையிற் பயின்ற நமக்கு நாவலர் பெருமானின் சரித்திரம் இன்னொரு பாடத்தையும் கற்பிக்கிறது. ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் கற்றார். அங்கே ஆசிரியராயும் இருந்தார். பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணை நின்றார். பின்னர் 1849இல் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கி வந்து, சைவ நூல்களையும் பாலபாடங்களையும் தாமே அச்சிட்டார். அச்சியந்திரம் அவரைப் பார்த்து, "நான் பாதிரிமாருக்கு மாத்திரமே உழைப்பேன்" என்று சொல்லவில்லை. கற்றவன் கைக்கு அது கருவியாயிற்று. இன்றைய பூட்டிய மென்பொருளோ, "என் எசமானன் அனுமதித்ததை மாத்திரமே செய்வேன்" என்று சொல்லும் இயந்திரம். இரண்டிற்கும் உள்ள வேற்றுமை இதுவே.

நிற்க. நமது நாட்டிலேயே நடந்த ஒரு காரியத்தைச் சொல்லுகிறோம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உயிர் தப்பியவர்கள் முகாம் முகாமாய்ச் சிதறினர். யார் எங்கே இருக்கிறார், எந்த முகாமில் என்ன குறை, எந்த நிறுவனம் எதைக் கொண்டுபோகிறது என்று ஒழுங்குபடுத்தத் தக்க மென்பொருள் அன்று கைக்கெட்டவில்லை. அப்போது லங்கா மென்பொருள் நிறுவகத்தைச் சேர்ந்தோரும் பிற தொண்டர்களும் கூடி, காணாமற் போனோர் பதிவு, முகாம் பதிவு, உதவி வேண்டுகோள் பதிவு ஆகியவற்றைக் கொண்ட 'சஹனா' என்னும் மென்பொருளைச் சில வாரங்களில் எழுதினர். சிங்களத்தில் சஹன என்றால் நிவாரணம் என்று பொருள்.

அதனை அவர்கள் பூட்டி வைக்கவில்லை. மூலத்தோடு உலகுக்குக் கொடுத்தனர். 2005இல் பாகிஸ்தானில் பூமியதிர்ச்சி ஏற்பட்டபோது அது அங்கே உதவியது. 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் இந்தோனேசியப் பூமியதிர்ச்சியிலும் உதவியது. ஸ்டோல்மன் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் நிறுவகம் சமூக நன்மைக்கான தனது 2006ஆம் ஆண்டு விருதைச் சஹனாவுக்கு அளித்தது. கையேந்தி நிவாரணம் பெற்ற நாடு, பிற நாடுகளுக்கு நிவாரணக் கருவியைக் கொடுத்த நாடாயிற்று! மூலம் திறந்திருந்தபடியாலன்றோ இது கைகூடியது?

தமிழின் நிலையும் இதுவே. ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறிமுறை வைத்திருந்த காலத்தில், பாமினி எழுத்துருவில் எழுதிய கடிதம் அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கிலக் குப்பையாய்த் தெரிந்தது. யூனிகோட் என்னும் பொதுக் குறிமுறை பரவிய பின்னரே நமது எழுத்து எல்லா இயந்திரங்களுக்கும் எழுத்தாயிற்று. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும், இலங்கைத் தமிழ் நூல்களைச் சேர்த்து 2005 முதல் எவரும் படிக்க வைத்திருக்கும் நூலகம் எண்ணிம நூலகமும், எந்தப் பெருங்கம்பனியின் தயவுக்கும் காத்திராமல் தொண்டர்கள் எழுப்பியவை.

இனி, மறுப்பவர் கூறும் தடைகளையும் அவற்றிற்கான விடைகளையும் நோக்குவோம். மாற்றார் வாதத்தை மதித்து எடுத்துரைத்துப் பின் விடை கூறுவதே நமது சாத்திர முறையன்றோ?

முதலாவது தடை: "இலவசமாய்க் கொடுத்தால் எழுதியவன் எதை உண்பான்?" நியாயமான கேள்வி. இங்கே விலக்கப்படுவது பூட்டேயன்றி விலை அன்று. கொழும்பில் 2005இல் தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 என்னும் கம்பனி, மூலத்தைத் திறந்து வைத்துக்கொண்டே பராமரிப்புக்கும் சேவைக்கும் பணம் பெற்று, உலகெங்கும் வாடிக்கையாளரைத் தேடிக்கொண்டது. ரெட் ஹட் என்னும் திறந்த மூலக் கம்பனியை 2019இல் ஐ.பி.எம். 3,400 கோடி அமெரிக்க டொலருக்கு வாங்கியது. வைத்தியர் மருந்தின் பெயரை எழுதிக் கொடுக்கிறார். அதனால் அவர் பிழைப்புக் கெடுவதில்லை.

இதோடு நமது நாட்டுக் கணக்கையும் பாருங்கள். 2022இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலர் சில மாதங்களில் 360 ரூபாவளவிற்கு ஏறியது. 100 டொலர் மென்பொருள் 20,000 ரூபாவிலிருந்து 36,000 ரூபாவாயிற்று. மருந்துக்கும் எரிபொருளுக்கும் டொலர் இல்லாது தவித்த நாடு, திறந்த மாற்றுக் கிடைக்கும் இடத்தில் உரிமக் கட்டணத்துக்கு டொலர் அனுப்புவது விவேகமாகுமா?

இரண்டாவது தடை: "மூலத்தைத் திறந்து வைப்பது திருடனுக்குத் திறப்பைக் கொடுப்பதாகாதா?" 2024 மார்ச் மாதத்தில், எக்ஸ்.இசட். என்னும் திறந்த மென்பொருளில் ஒரு வஞ்சகன் இரகசிய வாசல் ஒன்றை வைத்திருந்தான். தமது கணினி அரை விநாடி தாமதிப்பதைக் கண்டு ஐயுற்ற அன்ட்ரெஸ் பிராயண்ட் என்னும் பொறியியலாளர், மூலத்தைத் துருவிப் பார்த்து அதைக் கண்டுபிடித்தார். திறந்திருந்தபடியால் திருடனும் புகுந்தான். திறந்திருந்தபடியால் காவலனும் கண்டான். அதே ஆண்டு ஜூலை 19ஆம் நாள், கிரவுட்ஸ்ரைக் என்னும் கம்பனியின் பூட்டிய மென்பொருளில் நேர்ந்த ஒரு பிழையால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் நின்றுபோயின. விமான நிலையங்களும் வைத்தியசாலைகளும் தடுமாறின. ஆகவே பூட்டு மாத்திரம் காவலாகாது.

ஆயினும் ஓர் உண்மையை ஒளிக்கலாகாது. 2014இல் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் திறந்த மென்பொருளில் பெருங்குறை ஒன்று வெளிப்பட்டது. இணையத்தின் பெரும்பகுதி அதனை நம்பியிருந்தது. அதைப் பேணியவர்களோ ஒரு சிலரே. எல்லோரும் அள்ளுகின்ற பொதுக்கிணற்றை ஒருவரும் இறைத்துத் துப்புரவு செய்யாவிட்டால் நீர் கெடும். திறந்த கதவு மாத்திரம் போதாது. உள்ளே சென்று பார்ப்பவர்களும் வேண்டும்.

இதுவே மூன்றாவது தடைக்கு விடையாகிறது. "நமக்கு வேண்டியது பயன்படுத்துவது, மூலத்தைப் படிப்பவர் நம்மூரில் யார்?" என்கிறார்கள். இன்று ஒருவரும் இல்லையென்றால், அது படிக்க வேண்டும் என்பதற்குக் காரணமேயன்றிப் படிக்க வேண்டா என்பதற்குக் காரணம் அன்று. எழுத்தறியாதவன் கையில் திறந்த ஏடும் பூட்டிய ஏடும் ஒன்றே. ஆனால் அவன் மகன் எழுத்தறியும் நாளில், ஏடு திறந்திருக்க வேண்டாமா?

இனிச் சட்டத்துக்கு வருவோம். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலையும் ஒரு படைப்பாகக் காக்கிறது. திறந்த மூலக்காரர் இவ்விதமான சட்டங்களைப் பழிப்பவர் அல்லர். அவற்றின் மேலேயே நிற்பவர். "இது எமது படைப்பு, இதை எடுத்துத் திருத்திப் பிறர்க்குக் கொடுப்பவர் அதே உரிமையை அவர்க்கும் கொடுக்கக்கடவர்" என்று நிபந்தனை விதிக்கின்றனர். 2004இல் ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம் அந்நிபந்தனை செல்லும் என்று தீர்ப்பளித்தது. பூட்டுவதற்கு உதவிய சட்டத்தையே திறப்பதற்கும் கருவியாக்கிய சாதுரியம் இது.

நாம் வற்புறுத்த விரும்புவது இன்னொன்று. நாட்டின் சட்டம் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் அச்சாகி வெளிவருகிறது. விரும்பிய எவரும் படித்து, "இது பிழை" என்று வாதாடலாம். மென்பொருளும் இன்று ஒரு சட்டமாகிவிட்டது. 2023இல் தொடங்கிய அஸ்வெசும நலன்புரித் திட்டத்தை எண்ணிப் பாருங்கள். 22 அளவுகோல்களால் குடும்பங்கள் அளக்கப்பட்டுப் பட்டியல் வெளிவந்தது. நாடெங்கிலுமிருந்து இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் எழுந்தன. அளவுகோல்களேனும் வர்த்தமானியில் வெளியாயின. ஆனால் அளவுகோலைப் படிப்பது வேறு. அளந்த விதத்தைப் பார்ப்பது வேறு. ஓர் ஏழைத் தாய்க்கு உதவி உண்டா இல்லையா என்று கணக்கிடும் நிரல், அவள் பணத்தினாலும் நம் வரியினாலும் எழுதப்படுவது. அதை ஊரறியத் திறந்து வைத்தால் என்ன? திறக்க வேண்டியது கணக்கிடும் முறையையே. அவளுடைய அந்தரங்கத் தகவலை அன்று. அதைக் காப்பதற்கு 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

இதே அளவுகோலால் 2024 ஜனவரி 24ஆம் நாள் 108 வாக்குகளுக்கு 62 என்ற கணக்கில் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையும் அளக்கலாம். இணையத்தில் பெண்பிள்ளைகளை இழிவுபடுத்துவோரைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆனால் எது பொய், எது மெய் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஐவர் கொண்ட ஓர் ஆணைக்குழுவிடம் முதலில் ஒப்படைப்பதைக் காட்டிலும், இரு தரப்பும் வெளிப்படையாக வாதாடும் நீதிமன்றத்திடம் விடுவதே மேல் என்பது நமது துணிபு. நிரலாயினும் நீதியாயினும், மூடிய அறையில் நடப்பது ஐயத்தையே வளர்க்கும்.

அன்பர்களே, வாதத்தோடு நின்றுவிட்டால் பயன் இல்லை. மன்றத்துக்கு மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். பழையனவென்று மூலையில் தள்ளிய கணினிகளை மன்றத்துக்குத் தாருங்கள். அவற்றில் லினக்ஸ் இட்டு, ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு நிரல் எழுதக் கற்பிக்க நாமும் நம்மோடு பயிலும் தோழர்களும் ஆயத்தமாய் இருக்கிறோம். மன்றத்தின் கடிதங்களையும் அறிவித்தல்களையும் இனி யூனிகோடிலேயே எழுதுவோம். பழைய மலர்களையும், பெரியோர்கள் வீட்டில் உள்ள ஊர்க் குறிப்புகளையும் படம் பிடித்து நூலகம் எண்ணிம நூலகத்துக்கு அனுப்புவோம். நம் கரையின் சரித்திரம் கறையானுக்கு இரையாக வேண்டா.

பெரியோர்களுக்கு ஒரு வார்த்தை: பிள்ளை கணினியின் முன் அமர்ந்தால், "என்ன பார்க்கிறாய்?" என்று கேட்பதோடு, "என்ன செய்கிறாய்?" என்றும் கேளுங்கள். இளையோருக்கு ஒரு வார்த்தை: பிறர் பின்னிய வலையில் மீன் பிடிப்பது எளிது, ஆனால் பொத்தத் தெரிந்தவனுக்கே வலை உரியது. பொத்தக் கற்போம், பின்னவும் கற்போம்.