பெட்டியின் மேல் எழுதியதும் உள்ளே இருப்பதும்



திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரையையும் உதியன்குளங்கரையையும் கடந்து பாறசாலையை அடைந்தால், மலையாளத்தில் தொடங்கிய பேச்சு தமிழில் முடிவதைக் கேட்கலாம். சற்றுத் தொலைவில் களியக்காவிளை. அங்கே தமிழ்நாடு தொடங்குகிறது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தபோது, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. ஆயினும் எல்லைக்கு இருபுறமும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வழக்கம் நிற்கவில்லை. நம் தங்கையும் பாறசாலைக்கு அருகில் ஒரு சிற்றூரில் வாழ்க்கைப்பட்டவளே.

சென்ற ஆண்டு விடுமுறையில் நாம் அங்குச் சென்றபோது, மழைக்கு முன் ஓடு மாற்றுவதற்காக மச்சிலிருந்த சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தனர். அவற்றிடையே ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே விசைப்பலகையும் கணினியும் ஒரே உடலாக அமைந்த ஒரு கருவி, ஜப்பானில் செய்யப்பட்டது. தங்கையின் மாமனார் குவைத்தில் வேலை பார்த்த காலத்தில், 1986-இல், கொண்டுவந்தது அது. அவர் மறைந்து ஆண்டுகள் பல ஆகின்றன. "அண்ணே, இதை ஆக்கிரிக்காரனுக்குப் போட்டுவிடவா?" என்று தங்கை கேட்டாள். திண்ணையிலிருந்த மாமியார் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அது எம்.எஸ்.எக்ஸ் என்னும் வகையைச் சேர்ந்தது. 1983-இல் பல ஜப்பானிய நிறுவனங்கள் ஒரே இலக்கணத்தை ஏற்று, ஒன்றில் எழுதிய நிரல் மற்றொன்றிலும் ஓடுமாறு வீட்டுக் கணினிகளைச் செய்யத் தலைப்பட்டன. குவைத்தில் அரபு எழுத்துடன் 'சக்ர்' என்ற பெயரிலும் இவ்வகை வெளிவந்தது. தொலைக்காட்சிப் பெட்டியே திரை. பாட்டுக் கேட்கும் ஒலிநாடாவே நினைவுக் களஞ்சியம். இங்கிலாந்தின் பி.பி.சி. மைக்ரோ நம் நாட்டுப் பள்ளிகளுக்கு 1984-இல் தொடங்கிய திட்டத்தின் வழியே வந்ததும் அக்காலத்தில்தான். இன்று இக்கருவிகள் மச்சிலும் ஆக்கிரிக்கடையிலும் மறைகின்றன. செய்தவர்கள் பலர் கடையைக் கட்டிவிட்டார்கள். கையேடுகளைக் கறையான் தின்றுவிட்டது. எஞ்சியிருப்பது வைத்திருந்தவர்களின் நினைவு ஒன்றே.

அந்நினைவைத் தொகுப்பதற்கென்றே பலர் கூடி நடத்தும் ஏடுகள் உள்ளன. அவற்றை விக்கி என்கின்றனர். 1995-இல் அமெரிக்கரான வார்டு கன்னிங்காம் முதல் விக்கியை அமைத்தார். ஹவாய் மொழியில் அச்சொல்லுக்கு விரைவு என்பது பொருள். யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். ஆனால் எந்தத் திருத்தமும் மறைவதில்லை. ஒவ்வொன்றும் நாளும் நேரமும் குறித்து வரலாற்றுப் பக்கத்தில் நிற்கும். ஐயம் எழுந்தால் பேச்சுப் பக்கத்தில் வாதிடலாம். மலையாள விக்கிப்பீடியா 2002-லும், தமிழ் விக்கிப்பீடியா 2003-லும் தோன்றின. கேரளத்தில் பள்ளிகளுக்கெனவே 2009-இல் ஸ்கூல் விக்கி தொடங்கப்பட்டது. அதில் ஆசிரியரும் மாணவரும் தத்தம் பள்ளியின் வரலாற்றைத் தாமே எழுதி வருகின்றனர். நம் தங்கை மகளுக்கு விக்கி பழகியது பள்ளிக்கூடத்தில்தான். எம்.எஸ்.எக்ஸ் கணினிகளுக்கும் தனி விக்கி உண்டு என்று கண்டுபிடித்துத் தந்தவள் அவளே.

அங்கே நம் கருவிக்குரிய பக்கத்தில் நினைவகம் 64 கிலோபைட் என்று இருந்தது. அட்டைப்பெட்டியின் மேலோ பெரிய எழுத்தில் 80 என்று அச்சிட்டிருந்தது. நாம் சிறிதும் தயங்காமல் 64-ஐ அடித்து 80 ஆக்கினோம். மறுநாள் அது மீண்டும் 64 ஆகியிருந்தது. மீண்டும் 80 ஆக்கினோம். இருபதாண்டு காலம் பிறர் மொழிபெயர்ப்பில் பிழை பிடித்தே சம்பளம் வாங்கிய கை அல்லவா! நம் பிழையைப் பெயர் தெரியாத ஒருவர் சுட்டுவதைப் பொறுக்க இயலவில்லை. அப்போது பேச்சுப் பக்கத்தில் அவர் மிகப் பணிவாக ஒரு கேள்வி எழுதியிருந்தார்: தாங்கள் சொல்வது பெட்டியின் மேல் உள்ளதா, கருவியின் உள்ளே உள்ளதா?

தோளுக்குப் பின்னாலிருந்து படித்த மருமகள், "மாமா, நாம் திறந்தே பார்க்கலையே?" என்றாள்.

நெய்யாற்றின்கரையிலிருந்து வானொலி பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரை அழைத்துவந்து திறந்தோம். எட்டுச் சில்லுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் 64 கிலோபிட். எட்டும் சேர்ந்தால் 64 கிலோபைட். தனியே இரண்டு சில்லுகள், திரையில் படம் வரைவதற்கு மட்டும். அவை 16 கிலோபைட். விற்பனையாளர் இரண்டையும் கூட்டி 80 என்று அச்சிட்டுவிட்டார். அவர் பொய் சொல்லவில்லை. எதைக் கூட்டினோம் என்பதைத்தான் சொல்லவில்லை.

இவ்வளவில் முடிந்ததென எண்ணினோம். அதுவரை பேசாதிருந்த மாமியார் எழுந்துபோய், பெட்டியடியில் கிடந்த ஒரு குறிப்பேட்டை எடுத்துவந்தார். வீட்டுச் செலவுக் கணக்கு. மலையாள எழுத்தும் தமிழ்ச் சொல்லும் கலந்த கையெழுத்து. ஒரு பக்கத்தில், கருவியை முதன்முதல் இயக்கிய நாளைக் குறித்து, பக்கத்தில் 28815 என்று எழுதி இருமுறை அடிக்கோடிட்டிருந்தார் அவர். இது என்ன எண் என்று எங்களுக்கு விளங்கவில்லை. பேச்சுப் பக்கத்தில் கேட்டோம். விடை உடனே வந்தது. இயக்கியதும் திரையில் தோன்றும் எண்தான் அது: நிரல் எழுதுவோருக்கு எஞ்சியிருக்கும் இடம், 28,815 பைட். அக்கருவியின் செயலி ஒரே நேரத்தில் 64 கிலோபைட்டையே காண வல்லது. அதில் 32-ஐ பேசிக் மொழியே பிடித்துக்கொள்கிறது. மீதியிலும் ஒரு பகுதி கருவியின் சொந்த வேலைக்குப் போகிறது. 64 என்று நம்பி வாங்கியவர் அந்த எண்ணைக் கண்டு திகைத்திருப்பார் போலும். அதனால்தான் இரண்டு கோடு.

80, 64, 28,815: மூன்றும் மெய்யே. எதை அளந்தோம் என்று சொல்லாவிடில் மூன்றும் பொய்யே. இன்று அப்பக்கத்தில் மூன்றும் விளக்கத்துடன் நிற்கின்றன. மாமியாரின் இசைவு பெற்று, பெயரை மறைத்து, குறிப்பேட்டுப் பக்கத்தின் படத்தையும் சேர்த்தோம்.

உலகப் புகழ் பெற்ற கருவிகளுக்கும் இந்நிலை உண்டு. 1982-இல் வெளிவந்த கமடோர் 64 எத்தனை விற்றது என்பதற்கு 1 கோடியே 70 லட்சம் முதல் 3 கோடி வரை பல கணக்குகள் ஏட்டுக்கு ஏடு நகலெடுக்கப்பட்டு வந்தன. 2011-இல் மைக்கேல் ஸ்டைல் என்பவர் கருவிகளின் அடியில் பொறித்த தொடரெண்களை ஆராய்ந்து, ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் என்று மதிப்பிட்டார். பலர் சொன்ன எண்ணைவிடப் பலர் கவிழ்த்துப் பார்த்த எண் வலியது.

அன்பர்களே, தில்லியிலோ மும்பையிலோ பெங்களூரிலோ கொல்கத்தாவிலோ இருந்து நீங்கள் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, பழைய வீட்டை ஒழிக்கும் வேலை பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும். ஆக்கிரிக்காரனை அழைக்குமுன் ஒரு நாள் பொறுங்கள். கருவியின் அடியிலுள்ள எண்ணைப் படித்துக்கொள்ளுங்கள். காகிதங்களைப் படம் எடுங்கள். வீட்டில் மூத்தவரைக் கேளுங்கள். பிறகு எழுதுங்கள். நேரில் கண்டதைக் கண்டதாகவும், பிறர் சொல்லக் கேட்டதைக் கேட்டதாகவும் எழுதுங்கள். யாரேனும் திருத்தினால் சினவாமல் அவர் கேள்வியைப் படியுங்கள். இம்மூன்றாவது விதியை நாம் இரண்டு நாள் தாமதித்தே கற்றோம்.

கருவி ஆக்கிரிக்குப் போகவில்லை. ஓடு மாற்றியபின் அது மச்சுக்கும் திரும்பவில்லை. கூடத்து அலமாரியில் இருக்கிறது. குறிப்பேட்டை மட்டும் மாமியார் தம் தலைமாட்டில் வைத்துக்கொண்டார்.