சித்தமும் சொல்லும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



"தமிழைப் பற்றி ஏதேனும் பேசுக" என்று செயலாளர் பணித்தார். சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நாம், வீட்டில் ஒரு மொழியும் வீதியில் ஒரு மொழியும் அலுவலகத்தில் ஒரு மொழியுமாக, நாள்தோறும் மொழிபெயர்த்தே வாழ்கின்றோம். ஆதலின் மொழிபெயர்ப்பில் ஒரே ஒரு சொல் படுத்தும் பாட்டை மட்டும் இன்று சொல்ல விழைகின்றேன்.

ஸ்பானிய மொழி பயின்று வரும் என் பெயரன் சென்ற மாதம் ஒரு பாடத்தை எடுத்துவந்து, "தாத்தா, 'தெஸெகிலிப்ராதோ' என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?" என்று வினவினான். மனத்தின் சமன் இழந்தவன் என்பது அதன் பொருள். தராசைக் குறிக்கும் 'லிப்ரா' என்னும் இலத்தீன் சொல் அதனுள் அடங்கியிருக்கின்றது. ஆங்கிலத்திலும் 'அன்பேலன்ஸ்டு' என்ற சொல் உண்டு. அதுவும் இருதட்டுத் தராசினின்று பிறந்ததே. பின் இடர்ப்பாடு யாது? ஸ்பானியர் அச்சொல்லையே ஆளைக் குறிக்கும் பெயராகவும் வழங்குவர். ஆங்கிலத்தில் அவ்வாறு வழங்க இயலாது. 'சமன் இழந்த மனிதன்' என்று மனிதனையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அன்றேல் 'லூனடிக்', 'மேட்மேன்' போன்ற வன்சொல் ஒன்றைத் தேட வேண்டும். முன்னதில் மனிதன் எஞ்சுகிறான். பின்னதில் நோய் அவனை விழுங்கிவிடுகிறது.

"தமிழில் என்ன சொல்வீர்கள்?" என்று அடுத்துக் கேட்டான். அப்பொழுது பழைய நினைவு ஒன்று என் நெஞ்சை உறுத்தியது.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன், சித்தூரில் நாங்கள் குடியிருந்த தெருவில் இளைஞர் ஒருவர் மனநோய்க்கு மருத்துவம் பெற்று, குணமாகி வீடு திரும்பினார். மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதித் தந்த குறிப்பை அவருடைய பாட்டியார்க்குப் படித்துச் சொல்லும்படி என்னிடம் கொடுத்தனர். 'மென்டல் இல்னஸ்' என்றிருந்த இடத்தில், சற்றும் எண்ணாமல், 'பைத்தியம்' என்று சொல்லிவிட்டேன். குறிப்பிலிருந்தது நல்ல செய்தியே: நோய் தணிந்தது, வேலைக்குச் செல்லலாம். ஆயினும் மூலையில் அமர்ந்திருந்த இளைஞர் எழுந்து வெளியே போய்விட்டார். அதன்பின் என்னை வழியில் கண்டால் எதிர்ப்பக்கம் மாறி நடப்பார். மருத்துவர் நீக்கிய நோயை நான் பெயராக்கி அவர்மேல் ஒட்டிவிட்டேன்.

'பைத்தியம்' என்பது தோன்றும்பொழுதே வசைச்சொல்லாகத் தோன்றியதன்று. பித்தம் என்னும் வடசொல்லின் வழிவந்தது அது. பித்தம் மிகுந்தால் அறிவு மயங்கும் என்பது பண்டை மருத்துவர் கொள்கை. மேனாட்டாரும் இவ்வாறே எண்ணினர். 1605-இல் வெளிவந்த செர்வாண்டிசின் 'தோன் கிஹோத்தே' என்னும் ஸ்பானியப் புதினத்தின் தலைவன், உறக்கமின்றிக் கதைகளைப் படித்துப் படித்து மூளை வறண்டு அறிவு திரிந்தான் என்றே கூறப்படுகிறான். ஆங்கிலேயரின் 'லூனடிக்' என்ற சொல்லோ பழியைத் திங்களின்மேல் சுமத்தியது.

நம் அடியார்கள் இச்சொற்களைப் போற்றியும் இருக்கின்றனர். சுந்தரர் இறைவனையே பித்தன் என்று விளித்தார். குலசேகர ஆழ்வார் பெருமாள் திருமொழியின் மூன்றாம் பதிகத்தில் தம்மைப் பேயன் என்று கூறிக்கொண்டு, நான்காம் பதிகத்தில் திருவேங்கடத்தில் ஒரு படியாகக் கிடக்க வேண்டினார். திருமலைக் கருவறையின் வாயிற்படியைக் குலசேகரப்படி என்றே இன்றும் வழங்குகின்றோம். அந்தப் பேயனை ஆங்கிலத்தில் 'லூனடிக்' என்று எழுதினால் பொருந்துமா?

நிற்க. தெலுங்கும் தமிழும் கலந்து வழங்கும் இந்நிலத்தில் மற்றோர் இடரும் உண்டு. தமிழின் 'வெறி'யும் தெலுங்கின் 'வெர்ரி'யும் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகள். வளர்ந்த வீடுகளே வேறு. தெலுங்கில் 'வெர்ரிவாடு' என்றால் பெரும்பாலும் சூதறியாதவன். 'வெர்ரி வெங்களப்ப' என்று நகைத்தவாறே கூறுவர். தமிழில் 'வெறியன்' என்றாலோ, கண்சிவந்து நிற்பவன் ஒருவனே மனக்கண்முன் வருகிறான். 'பிச்சி தல்லி' என்று தெலுங்குத் தாய் மகளைக் கொஞ்சுகிறாள். அதை 'அசட்டுப் பெண்ணே' என்று பெயர்க்க வேண்டுமேயன்றி, 'பைத்தியக்காரி' என்று பெயர்த்தால் கொஞ்சல் ஏச்சாகிவிடும்.

வீட்டளவில் இது மனவருத்தம். வழக்குமன்றத்திலோ உரிமை இழப்பு. 1912-ஆம் ஆண்டுச் சட்டம் 'லூனடிக்' என்று எழுதியது. 1987-ஆம் ஆண்டுச் சட்டம் அதை நீக்கி, மனநோயுற்றவர் என்றது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. ஒருவர்க்கு மனநோய் உண்டு என்று கண்டறிந்த அளவிலேயே அவரைச் சித்தசுவாதீனம் அற்றவராகக் கொள்ளலாகாது. தகுதியுடைய நீதிமன்றம் அங்ஙனம் அறிவித்திருக்க வேண்டும் என்று அது தெளிவாக விதிக்கிறது. மனநோய் வேறு, சித்தசுவாதீனம் இன்மை வேறு. ஒப்பந்தம் செய்யும் தகுதி பின்னதைப் பொறுத்தது. இரண்டையும் 'பைத்தியம்' என்ற ஒரே சொல்லால் பெயர்ப்பவர், சட்டம் எழுப்பிய சுவரைத் தாமே இடித்துவிடுகிறார்.

ஆயின் தமிழில் என்ன சொல்வது? 'சமநிலை தவறியவர்' என்றால் என்ன எனச் சிந்தித்தேன். நம்மவர் துலாக்கோலை நீதிக்கே உவமையாக்கினர். வள்ளுவரும் அதை நடுவுநிலைமை அதிகாரத்திலேயே வைத்தார். ஒருபக்கம் சாய்ந்த நடுவரைக் கூறுவதாக எண்ணவும் இடமுண்டு. மனத்திற்கு நம் முன்னோர் கண்ட உவமை நீர். சித்தம் கலங்கியது என்பர். பின்பு தெளிந்தது என்பர். கலங்கிய நீர் தெளியும் அன்றோ? குணமாகும் என்ற நம்பிக்கையை அச்சொல்லே தாங்கி நிற்கிறது.

இலக்கணமும் நமக்கு வழிகாட்டுகிறது. காய்ச்சல் கண்டவரை, 'அவர் காய்ச்சல்' என்கின்றோமா? 'அவருக்குக் காய்ச்சல்' என்கின்றோம். நான்காம் வேற்றுமையின் 'கு' உருபு, நோயை ஒருபுறமும் நோயுற்றவரை ஒருபுறமும் நிறுத்துகிறது. தெலுங்கிலும் 'கி', 'கு' உருபுகள் இப்பணியைச் செய்கின்றன. மனநோய் என்று வரும்பொழுது மட்டும் அவ்வுருபை உதறிவிட்டு, 'அவன் பைத்தியம்' என்று ஏன் சொல்ல வேண்டும்? 'அவருக்கு மனநோய் வந்திருக்கிறது. மருந்து உண்கிறார்' என்று சொல்லிப் பாருங்கள். அண்டை வீட்டார் அஞ்ச மாட்டார்கள். நோயுற்றவரும் நோயை மறைக்க மாட்டார். மருத்துவரிடம் காலத்தோடு செல்வார்.

பெயரனிடம், "ஆங்கிலத்தில் மனிதனை விட்டுவிடாதே, தமிழில் சித்தம் கலங்கியவர் என்று எழுது" என்றேன். அந்தச் சித்தூர் இளைஞரிடம் நேரில் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை நான் கேட்கவில்லை. அவர் வேற்றூர் சென்று பல ஆண்டுகள் ஆகின்றன. இன்று இச்சபையின்முன் அதனைக் கேட்டுக்கொள்கிறேன்.

தாய்மார்களே! பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும்பொழுது இந்தக் 'கு' உருபையும் சேர்த்துக் கற்பியுங்கள்.